மலிவான ஸ்ட்ரீமரும் மலைநாட்டு வீடும்: கர்நாடக இசை, மேலைச் செவ்விசை, ஜாஸ் கேட்போருக்கு ஒரு கையேடு

மலையகத்து வீடுகளுக்குள் சங்கீதம் முதலில் வந்தது வானொலிப் பெட்டி வழியாகத்தான். 1925 டிசம்பரில் கொழும்பில் ஒலிபரப்பு ஆரம்பமானது. 1949 இல் அது ரேடியோ சிலோன் ஆகி, 1967 ஜனவரியில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியது. அதன் தமிழ்ச் சேவையைக் கடல் கடந்து தமிழ்நாட்டிலும் காத்திருந்து கேட்டார்கள். வானொலிக்குப் பிறகு கெசட், அதன் பிறகு சீடி. இப்போது எல்லாமே கையடக்கத் தொலைபேசிக்குள் போய்விட்டன. போனில் எல்லாம் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு காதிலும் நான்கு இயர்போன். ஒரு ஆலாபனையை எல்லோரும் சேர்ந்து கேட்டு, முடிந்ததும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளும் பழக்கம் போய்விட்டது.

அந்தப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. தெல்தோட்டையில் என் வீட்டில் சில காலமாக ஒரு மலிவான ஸ்ட்ரீமரைப் பயன்படுத்தி வருகிறேன். கர்நாடக இசை, மேலைச் செவ்விசை, ஜாஸ் ஆகிய மூன்றையும் அதில்தான் கேட்கிறேன். சினிமாப் பாட்டுக்கு வராத சில சிக்கல்கள் இந்த மூன்றுக்கும் வரும். எங்கள் ஊர் போன்ற இடங்களில் மழையும் மின்வெட்டும் பலவீனமான சிக்னலும் இன்னும் சில சிக்கல்களைச் சேர்க்கும். அவற்றை எப்படிச் சமாளிப்பது என்பதே இந்தக் கட்டுரை.

ஸ்ட்ரீமர் என்ன செய்கிறது?

ஸ்ட்ரீமர் என்பது வீட்டு வைஃபையில் இணைந்து, இணையத்திலிருந்தோ ஒரு பென் டிரைவிலிருந்தோ இசையை எடுத்து அம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் சிறிய பெட்டி. போன் அதற்கு வெறும் ரிமோட்.

ப்ளூடூத்தில் அப்படியல்ல. அங்கே இசை போனுக்குள் வந்து, மீண்டும் ஒருமுறை சுருக்கப்பட்டு ஸ்பீக்கருக்குப் போகிறது. அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். போனை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனால் வெட்டி வெட்டிக் கேட்கும். ஒரு மணி நேரம் நீளும் இராகம் தானம் பல்லவியை இந்த நிலையில் கேட்க முடியாது. ஸ்ட்ரீமர் இருந்தால் போனை அணைத்து வைத்தாலும் கச்சேரி தொடரும்.

எதை வாங்குவது?

மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, செலவே இல்லாத வழி. மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய ஆண்ட்ரொய்ட் போனை அம்ப்ளிஃபயர் பக்கத்தில் நிரந்தரமாக வைத்துவிடலாம். சிம் வேண்டாம், வைஃபை போதும். இயர்போன் துளையிலிருந்து ஒரு வயர் அம்ப்ளிஃபயருக்குப் போகும். பற்றரி வீங்கிய போனை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

இரண்டாவது, ராஸ்பெரி பை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி 2012 இல் வெளிவந்த சிறிய கணினி இது. 2021 ஒக்டோபரில் வந்த ஸீரோ 2 டபிள்யூ என்ற சிறிய வகையின் அறிமுக விலை 15 டொலர். இதில் இயர்போன் துளை இல்லை. ஆகவே எண்களை ஒலியாக மாற்றும் ‘டாக்’ என்ற சிறு கருவியைத் தனியாக இணைக்க வேண்டும். மூடே, வொலூமியோ, பைகோர்பிளேயர் என்று இதற்கான மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மாலை நேரம் உட்கார்ந்தால் பாடசாலையில் கணினி படிக்கும் பிள்ளையே அமைத்துவிடும்.

மூன்றாவது, பெட்டியைத் திறந்து பிளக்கில் போட்டவுடன் பாடும் ஆயத்தக் கருவிகள். 2022 இல் வெளிவந்த வீம் மினி இந்த வகையில் பெயர் பெற்றது. உலகச் சந்தையில் அது 100 டொலருக்குள் விற்கப்பட்டது. இங்கே வரும்போது வரியும் கடைக்காரரின் இலாபமும் சேரும் என்பதை நினைவில் வையுங்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: இதைச் செய்த நிறுவனம் நாளை கைவிட்டால் இந்தப் பெட்டி பாடுமா?

கூகுளின் குரோம்காஸ்ட் ஓடியோ 2015 இல் 35 டொலருக்கு வந்து, நல்ல பெயர் எடுத்தது. 2019 ஜனவரியில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2025 மார்ச்சில் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதால் உலகம் முழுவதும் அந்தக் கருவிகள் சில நாட்கள் செயலிழந்து, கூகுள் திருத்தம் அனுப்பிய பின்னரே உயிர் பெற்றன. லொஜிடெக் நிறுவனமும் தனது ஸ்கீஸ்பொக்ஸ் ஸ்ட்ரீமர்களை 2012 இல் நிறுத்தி, 2024 இல் அவற்றின் இணையச் சேவையையும் மூடியது. ஆனால் ஸ்கீஸ்பொக்ஸ்கள் சாகவில்லை. அவற்றின் சேவை மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் பயனாளர்களே அதை லிரியன் என்ற புதிய பெயரில் தொடர்ந்து நடத்துகிறார்கள். அந்த லிரியனைத்தான் நானும் பயன்படுத்துகிறேன். ஒரு பெட்டி வாங்க இரண்டு மாதம் சேமிக்கும் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு சாதாரண விடயமல்ல.

பழைய செட்டை எறிய வேண்டாம்

தோட்டப்புற வீடுகளிலும் டவுன் வீடுகளிலும் இன்னும் பழைய டெக் செட்டுகள் இருக்கின்றன. கெசட் ஓடாது, சீடி தட்டு திறக்காது என்று மூலையில் வைத்திருப்பார்கள். அதன் அம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். பின்பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ‘ஓக்ஸ்’ அல்லது ‘லைன் இன்’ என்று எழுதப்பட்ட துளைகள் இருந்தால் ஸ்ட்ரீமரை அங்கே இணைக்கலாம். ‘போனோ’ என்று எழுதிய துளை இசைத்தட்டுக் கருவிக்கு மட்டும் உரியது. அதில் செருகினால் ஒலி உடைந்து கேட்கும்.

இணைத்த பின் ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் முதலில் சார்ஜரைச் சந்தேகியுங்கள். தரமான வேறொரு சார்ஜரை மாற்றிப் பாருங்கள். அம்ப்ளிஃபயரில் ஒப்டிகல் துளை இருந்தால் அதைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. ஒளி வழியாகப் போகும் தொடர்பில் மின்னிரைச்சல் கடக்காது.

டேட்டாக் கணக்கு

மாதப் பொதியை எண்ணிச் செலவிடும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு தேவை. நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் ஓடும் இணைய வானொலி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 58 மெகாபைட் எடுக்கும். 320 கிலோபிட் என்றால் 144 மெகாபைட். சீடியின் தரம் சுருக்கப்படாமல் நொடிக்கு 1411 கிலோபிட், அதாவது மணிக்கு 635 மெகாபைட். அதையே ஒரு துளி ஒலியும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் பெரும்பாலும் பாதியளவாகக் குறைக்கலாம்.

இதற்கு மேல் ‘ஹை-ரெஸ்’ என்று விற்கப்படுவதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. சீடியின் 16 பிட் தரம் ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சைத் தருகிறது. தகரக் கூரையில் மழை கொட்டும்போது அதில் பாதிகூட நம் காதுக்கு எட்டாது. அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடலாம்.

வைஃபையைப் பொறுத்தவரை, ஸ்ட்ரீமரை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இணையுங்கள். அதன் வேகம் குறைவென்றாலும் கருங்கல் சுவர்களைக் கடக்கும் திறன் 5 கிகாஹேர்ட்ஸைவிட அதிகம். இசைக்கு அந்த வேகம் தாராளம். இந்தப் பள்ளத்தாக்குகளில் ஒரு வீட்டில் சிக்னல் இருக்கும், பத்தடி தள்ளி இருக்காது. ஆகவே அடிக்கடி கேட்பவற்றை ஒரு நினைவட்டையில் வைத்துக்கொள்வது நல்லது. 64 கிகாபைட் அட்டையில் ஃபிளாக் வடிவில் ஏறக்குறைய 200 மணி நேர இசை அடங்கும்.

இடைவெளி என்ற எதிரி

சினிமாப் பாட்டு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க இரண்டு நொடி ஆனால் யாரும் கவனிக்கமாட்டார்கள். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியில் மூன்றாம் பகுதி நிற்காமலே நான்காம் பகுதிக்குள் பாய்கிறது. மெல்லிய இருட்டிலிருந்து திடீரென வெளிச்சம் வருவதுபோன்ற அந்த இடத்தில் இரண்டு நொடி மௌனம் விழுந்தால் எல்லாம் கெட்டுவிடும். ஜோன் கோல்ட்ரேன் 1964 டிசம்பரில் பதிவுசெய்த ‘எ லவ் சுப்ரீம்’ இசைத்தட்டின் கடைசி இரு பகுதிகளும் அப்படியே தொடர்ச்சியானவை. கர்நாடகக் கச்சேரியிலும் ஆலாபனை, கிருதி, தனியாவர்த்தனம் என்று வெட்டிப் போட்டிருப்பார்கள். தம்புராவின் ஓசை ஒவ்வொரு வெட்டிலும் அறுபடும்.

ஆகவே கருவியிலோ செயலியிலோ ‘கேப்லெஸ்’ என்ற அமைப்பைத் தேடி இயக்குங்கள். ‘குரொஸ்ஃபேட்’ என்பதை அணைத்துவிடுங்கள். அது ஒரு பதிவின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலந்துவிடும். பணம் கட்டாத இலவசச் சேவைகளில் இராகத்துக்கும் கிருதிக்கும் நடுவே விளம்பரம் வரலாம் என்பதையும் எதிர்பாருங்கள்.

இன்னொன்று ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி. ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால், மெதுவாக ஒலிக்கவேண்டிய பகுதி முழக்கப் பகுதிக்குச் சமமாகிவிடும். இசைத்தட்டு முழுவதற்கும் ஒரே அளவு என்ற தெரிவு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அந்த வசதியே வேண்டாம்.

தோடியைத் தேடி

பாட்டு, பாடகர், அல்பம் என்ற மூன்று பெட்டிகளுக்குள் உலக இசையை எல்லாம் அடக்கும் வகையில்தான் பெரும்பாலான செயலிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. மேலைச் செவ்விசையில் இயற்றியவர் வேறு, நடத்துநர் வேறு, தனிக்கலைஞர் வேறு. ஜாஸில் யார் ட்ரம்ஸ், யார் பேஸ் என்பதே பாதிச் செய்தி. நமக்கு இராகம், தாளம், பக்கவாத்தியம் எல்லாம் தெரிய வேண்டும்.

தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் அதை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். தேடினால் ஹிந்துஸ்தானித் தோடியும் கலந்து வரும். அது வேறு இராகம். நமது தோடியின் சுரங்கள் ஹிந்துஸ்தானியில் பைரவி என்று அழைக்கப்படும் இராகத்தோடு ஒத்தவை. நமது பைரவியோ அதிலிருந்து வேறுபட்டது. செயலிக்கு இது எதுவும் தெரியாது.

நீங்களே சேமித்து வைத்திருக்கும் பதிவுகளுக்கு இதைச் சரிசெய்யலாம். மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் போன்ற இலவச மென்பொருளில் தலைப்பு இடத்தில் ‘கிருதி – இராகம் – தாளம்’ என்றும், இயற்றியவர் இடத்தில் தியாகராஜர் அல்லது தீட்சிதர் என்றும், அல்பம் இடத்தில் ‘கலைஞர் – ஊர் – ஆண்டு’ என்றும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், லிரியனில் தமிழெழுத்து சரியாகத் தெரிகிறது. முதலில் ஒரே முறையைத் தீர்மானித்து அதை மாற்றாமல் பின்பற்றினால், பின்பு ‘தோடி’ என்று ஒரு தட்டுத் தட்டினால் வீட்டிலுள்ள எல்லாத் தோடியும் வரிசையாக நிற்கும்.

எங்கே கேட்கலாம்?

ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கும் அறிவிக்கப்பட்டது. மேலைச் செவ்விசையும் ஜாஸும் அதில் ஏராளம். ராஸ்பெரி பையில் இலவச மென்பொருள் மூலம் அதை இயக்க, பணம் கட்டும் கணக்கு வேண்டும்.

பணம் கட்டாத வழிகளும் உண்டு. ரேடியோ சுவிஸ் ஜாஸ், ரேடியோ சுவிஸ் கிளாசிக் ஆகிய இரண்டும் பேச்சும் விளம்பரமும் இல்லாமல் இரவு பகலாக ஒலிக்கின்றன. அகில இந்திய வானொலி 2016 இல் ஆரம்பித்த ‘ராகம்’ அலைவரிசையில் கர்நாடகமும் ஹிந்துஸ்தானியும் கேட்கலாம். ரசிகர்களின் தன்னார்வத் தளமான சங்கீதப்பிரியாவில் வணிக வெளியீடாக வராத கச்சேரிப் பதிவுகள் பகிரப்படுகின்றன. இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் பழைய 78 சுழற்சித் தட்டுகள் பெருமளவில் உள்ளன. அமெரிக்கச் சட்டப்படி 1923 இல் வெளியான ஒலிப்பதிவுகள் 2024 ஜனவரி முதல் பொதுவுடைமையாகிவிட்டன. இளம் லூயி ஆம்ஸ்ட்ரோங் கிங் ஒலிவரின் குழுவில் ஊதிய முதல் பதிவுகள் அந்த ஆண்டைச் சேர்ந்தவை.

‘ஜாஸ் நமக்கென்ன சொந்தம்?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். டேவ் புருபெக் 1958 இலும் டியூக் எலிங்டன் 1963 இலும் தங்கள் குழுக்களோடு இலங்கைக்கு வந்திருக்கிறார்கள். அதைவிட நெருக்கமான தொடர்பு கண்டியில் இருக்கிறது. கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் 1950களில் இலங்கைக்கு வந்து, கண்டியில் தபோவனம் நடத்தினார். 1966 இல் மேற்கு நாடுகளுக்குப் போனவர், 1969 இல் வுட்ஸ்டொக் இசை விழாவைத் தொடக்கி வைத்துப் பேசினார். கோல்ட்ரேனின் துணைவியும் சிறந்த இசைக்கலைஞருமான அலிஸ் கோல்ட்ரேன் அவரிடம் ஆன்மிக வழிகாட்டல் பெற்று, 1971 இல் வெளியிட்ட இசைத்தட்டுக்கு அவர் பெயரையே சூட்டினார். ‘ஜேர்னி இன் சச்சிதானந்தா’ என்ற அந்தத் தட்டில் தம்புராவின் ஓசைமேல் ஹார்ப்பும் சக்ஸபோனும் அசைகின்றன. கர்நாடக இசையில் ஊறிய காது ஜாஸுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. புதிய கருவியைச் சோதிக்கவும் இதையே போடுகிறேன். அடியில் ஓடும் தம்புரா தெளிவாகக் கேட்டால் ஸ்பீக்கர் நல்லது.

மின்சாரம், மழை, இடி

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. இப்போது அந்த நிலை இல்லை. ஆனால் மரம் விழுந்து கம்பி அறுவது இங்கே புதினமல்ல. ராஸ்பெரி பை திடீரென அணைந்தால் நினைவட்டை பழுதாகலாம். பைகோர்பிளேயர் மென்பொருள் முழுவதையும் தற்காலிக நினைவகத்தில் ஏற்றி ஓடுவதால் அந்த ஆபத்து மிகக் குறைவு. மின்வெட்டு உள்ள ஊருக்கு நான் அதையே சொல்வேன். ஸீரோ 2 டபிள்யூ எடுப்பது ஓரிரு வாட் மட்டுமே. 10,000 மில்லிஅம்பியர் பவர் பேங்க்கில் பத்து மணி நேரமாவது ஓடும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் கடுமை. வானம் இருண்டால் பிளக்கை மட்டுமல்ல, ரவுட்டருக்கு வரும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது.

பெரிய நிறுவனங்களிடம் இல்லாத இசை

இனி, ஸ்ட்ரீமர் வாங்க எனக்கு இருந்த உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

உலகத்தின் கோடிக்கணக்கான பாட்டுகள் ஒரு விரலசைவில் வருகின்றன. ஆனால் எங்கள் கோயில் திருவிழாவில் இரவு முழுவதும் வாசிக்கப்பட்ட நாதஸ்வரம் அங்கே இல்லை. காமன் கூத்தின் தப்போசை இல்லை. வானொலியிலிருந்து யாரோ பொறுமையாக கெசட்டில் எடுத்து வைத்த நம் நாட்டு வித்துவான்களின் கச்சேரிகள் இல்லை. 1975 இல் மறைந்த அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் தவிலைத் தமிழ்நாடே கொண்டாடியது. அப்படிப்பட்டவருக்கே கிடைக்கும் பதிவுகள் சொற்பம் என்றால், லூல்கந்துர தோட்டத்திலோ கலஹாவிலோ பாடியவர்களின் நிலை என்ன? லூல்கந்துரவில் 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அந்தத் தேயிலையைக் கொய்தவர்களின் பாட்டு எந்தத் தளத்திலும் தேடினால் வருவதில்லை.

அந்த இசை இருப்பது அலுமாரிக்கு மேலே உள்ள கெசட்டுகளில். மலைநாட்டு ஈரத்தில் அவற்றில் பூஞ்சணம் பிடிக்கிறது. நாடா ஒட்டிக்கொள்கிறது. ஓட்டக்கூடிய டெக்கும் குறைந்து வருகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வேலை செய்யும் ஒரு டெக்கைத் தேடுங்கள். அதன் ஹெட்டை ஐசோபுரொபைல் அல்கஹோலால் துடையுங்கள். பூஞ்சணம் பிடித்த கெசட்டைத் துடைக்காமல் போட வேண்டாம், அது அடுத்த கெசட்டுக்கும் தொற்றும். டெக்கின் ‘லைன் அவுட்’டிலிருந்து ஒலி உள்ளீடு உள்ள யூஎஸ்பி கருவி வழியாகக் கணினிக்கு எடுத்து, இலவச ஒடாசிட்டி மென்பொருளில் பதிவுசெய்யுங்கள். எம்பி3 ஆக அல்ல, ஃபிளாக் ஆகச் சேமியுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று முதற்பிரதியில் கைவைக்க வேண்டாம். நாளை நல்ல கருவி வரலாம், மூலம் அப்படியே இருக்கட்டும்.

வேகத்தையும் கவனியுங்கள். டெக் 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். இது உலகப் புகழ்பெற்ற பதிவுகளுக்கும் நேர்ந்திருக்கிறது. மைல்ஸ் டேவிஸின் 1959 ஆம் ஆண்டு ‘கைண்ட் ஒஃப் ப்ளூ’ தட்டின் முதற்பக்கம், பதிவுக் கருவியின் வேகக் கோளாறால், சற்றே உயர்ந்த சுருதியில் பல ஆண்டுகள் விற்கப்பட்டு 1992 இல்தான் திருத்தப்பட்டது. வாசித்தவரின் கட்டை எதுவென்று ஊரில் இன்னும் யாருக்காவது தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்ற விவரங்களையும் கோப்பிலேயே சேருங்கள்.

பொதுவெளியில் ஏற்றும் முன் பாடியவரின் குடும்பத்திடம் அனுமதி கேளுங்கள். வானொலியிலிருந்து எடுத்தவற்றுக்கு 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் பொருந்தும். உரிய அனுமதி இருந்தால் நூலகம் நிறுவனம் போன்ற ஆவணப்படுத்தும் அமைப்புகளை அணுகலாம். ஈழத்து எழுத்துகளோடு ஒலி ஆவணங்களையும் அவர்கள் பாதுகாக்கிறார்கள். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வேறொரு உறவினர் வீட்டில், ஒரு பிரதி அங்கே என்று வைப்பது பாதுகாப்பு.

அப்படிச் சேர்த்த கோப்புகளை ஸ்ட்ரீமரின் நினைவட்டையில் போடும்போது, பீத்தோவனுக்கும் கோல்ட்ரேனுக்கும் பக்கத்தில் ஊர்த் திருவிழா நாதஸ்வரமும் அதே வரிசையில், அதே மரியாதையோடு வந்து நிற்கும். மாதக் கட்டணம் கட்டத் தவறினாலும், ஏதோ ஒரு நாட்டில் ஒரு நிறுவனம் மூடப்பட்டாலும் அது அழியாது. ஸ்ட்ரீமரை அடுத்த மாதம்கூட வாங்கலாம். அலுமாரிக்கு மேலே இருக்கும் கெசட்டுகளை இந்த வாரமே இறக்கி, உலர்ந்த டப்பாவில் போட்டு வையுங்கள்.